உள்ளம் விரியட்டும், கல்வி எளிதாகட்டும்

(பொதுத்தேர்வுக் காலத்தை முன்னிட்டுச் சென்னை எம்.கே.பி. நகர் பகுதியில் ஆற்றப்பெற்ற ஜும்ஆ பேருரையின் எழுத்து வடிவம்)

 

   

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் வருகின்ற காலம் இது. நம் எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் தேர்வைப் பற்றிய பேச்சே காதில் விழுகின்றது. துறைமுகத்தில் சுமை ஏற்றி இறக்குகிறவர், எண்ணூரிலும் மணலியிலும் ஷிப்டு வேலைக்குச் செல்கிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டில் தையல் இயந்திரத்தை மிதிக்கின்ற தாய் என எல்லோரும் தம் உழைப்பின் பலனைப் பிள்ளையின் மதிப்பெண்ணில் தேடுகின்றனர். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் அந்த ஆசையின் பாரம் முழுவதும் பதினைந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சில் இறங்கும்போது, அந்த நெஞ்சு அதைத் தாங்குமா என்று நாம் கேட்பதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவ மாணவியர் தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். ஒவ்வொரு மரணத்திற்கும் காரணங்கள் பல இருக்கும். தேர்வு ஒன்றையே குற்றம் சொல்ல முடியாது. எனினும் பாடத்தைக் கற்றுக்கொடுத்த நாம், தோல்வியையும் பயத்தையும் தாங்கும் வழியைக் கற்றுக்கொடுத்தோமா என்ற கேள்வியை இந்த எண்ணிக்கை நம் முன் வைக்கின்றது.

மூஸா (அலை) அவர்கள் கேட்ட நான்கு

சகோதரர்களே! அஞ்சுகின்ற உள்ளத்தோடு ஒரு பெரும் சோதனைக்குச் செல்ல வேண்டியவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் திருக்குர்ஆன் ஒரு நபியின் வரலாற்றின் வாயிலாகக் கற்றுத் தருகின்றது. ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு அல்லாஹ் கட்டளையிட்டபோது, மூஸா (அலை) அவர்கள் தம் அச்சத்தை மறைக்கவில்லை. தம் நெஞ்சு நெருக்கடிக்கு உள்ளாவதையும், தம் நாவு சரளமாக வராததையும், தாம் கொல்லப்படக் கூடும் என்ற பயத்தையும் தம் ரப்பிடம் வெளிப்படையாக முறையிட்டதை ஷுஅரா அத்தியாயத்தில் காண்கிறோம். அதன் பின் அவர்கள் கேட்ட துஆ, தாஹா அத்தியாயத்தின் 25ஆம் வசனத்திலிருந்து தொடங்குகின்றது. அதில் வரிசையாக நான்கு கோரிக்கைகள் உள்ளன. முதலில் உள்ளம் விரிய வேண்டும் என்றார்கள்; அடுத்து காரியம் எளிதாக வேண்டும் என்றார்கள்; மூன்றாவதாக நாவின் முடிச்சு அவிழ வேண்டும் என்றார்கள்; நான்காவதாகத் தம் குடும்பத்திலிருந்தே ஒரு துணை வேண்டும் என்று சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைக் கேட்டார்கள்.

இந்த வரிசையைச் சிந்தியுங்கள். நாம் பிள்ளைகளிடம் முதலில் கேட்பது காரியத்தை, அதாவது மதிப்பெண்ணை. மூஸா (அலை) அவர்கள் முதலில் கேட்டதோ உள்ளத்தின் விரிவை. உள்ளம் இறுகிக் கிடக்கும்போது எளிய காரியமும் மலையாகி விடுகின்றது. இன்றைய உளவியல் அறிஞர்கள் மனவெழுச்சி நுண்ணறிவு என்றும், தன்னம்பிக்கை என்றும் பெயரிட்டுப் பேசுகின்ற விஷயங்களுக்கு, இந்த நான்கு கோரிக்கைகளிலும் நமக்கு வழிகாட்டல் இருக்கின்றது.

முதலாவது: உள்ளத்தின் விரிவு

தன் கோபத்தையும் பயத்தையும் கவலையையும் இன்னதென்று அறிந்து, அவற்றை நெறிப்படுத்தி, பிறர் உணர்வையும் புரிந்து நடக்கும் ஆற்றலே மனவெழுச்சி நுண்ணறிவு. பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1990இல் இதனை ஓர் ஆய்வுக் கருத்தாக வகுத்தனர். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய நூல் இதனை உலகெங்கும் பரப்பியது. கல்விக்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கரோலின் மெக்கேன் குழுவினர் 2020இல் தொகுத்து வெளியிட்டனர். 27 நாடுகளைச் சேர்ந்த 42,000க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய 160க்கும் அதிகமான ஆய்வுகளை அவர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தனர். உணர்வுகளைப் புரிந்து கையாளத் தெரிந்த மாணவர்கள் ஓரளவு கூடுதல் மதிப்பெண் பெறுகின்றனர் என்பது முடிவு. அறிவுத் திறனும் ஒழுங்கான உழைப்பும் முந்தி நிற்கின்றன. அவற்றிற்கு அடுத்த இடம் இதற்கு உண்டு. உழைப்பின்றி இது மட்டும் போதும் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. ஆனால் உழைத்துப் படித்ததைத் தேர்வு அறையில் வெளிக்கொணர முடியாமல் பதற்றம் விழுங்கி விடுகின்றதே, அங்கேதான் இதன் அருமை தெரிகின்றது.

பதற்றத்தைக் கையாள ஓர் எளிய வழியை 2011இல் அமெரிக்காவில் ரமிரெஸ், பெய்லாக் என்ற இருவர் சோதித்துப் பார்த்தனர். தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் பயங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள், எழுதாத மாணவர்களைக் காட்டிலும் நன்றாகத் தேர்வெழுதினர். குறிப்பாக, அதிகம் பயப்படுகின்ற மாணவர்களுக்கே இது அதிகம் உதவியது. பயத்தை வெளியே சொன்னால் அதன் பிடி தளர்கின்றது. மூஸா (அலை) அவர்கள் தம் அச்சத்தை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னதை இங்கே நினைத்துப் பாருங்கள். நம் பிள்ளைக்கு அத்தகைய முறையீடு ஸஜ்தாவில் கிடைக்கின்றது. தொழுகை என்பதை மதிப்பெண் வாங்கும் உபாயமாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அல்லாஹ்விடம் மனம் விட்டுப் பேசும் இடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

கோபமும் இவ்வாறே. மல்யுத்தத்தில் வீழ்த்துகிறவனை வீரன் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் சொல்லவில்லை. கோபம் வரும்போது தன்னை அடக்கிக் கொள்கிறவனையே வீரன் என்றார்கள். (அறிவிப்பவர்: அபூஹுரைரா (ரலி), நூல்: புகாரி, முஸ்லிம்.) நின்றுகொண்டிருக்கும்போது கோபம் வந்தால் உட்காருமாறும், தணியாவிட்டால் படுத்துக்கொள்ளுமாறும் வழி சொன்னார்கள். (நூல்: அபூதாவூத்.) அண்மைய ஆண்டுகளில் ரமளானும் பொதுத்தேர்வும் அடுத்தடுத்தோ ஒன்றாகவோ வருகின்றன. யாரேனும் சண்டைக்கு வந்தால் தான் நோன்பாளி என்று சொல்லி விலகும்படி நபிகளார் கற்றுத் தந்தார்களே, அந்த ஒரு மாதப் பயிற்சியைப் பெற்ற பிள்ளைக்குத் தேர்வு அறையில் தன்னை அடக்கிக்கொள்வது புதிய பாடமாக இருக்காது.

நம் பக்கத்துப் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த காசிமா என்ற முஸ்லிம் பெண், ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள்; 2024இல் அவருக்கு வயது 17. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு ஆகிய மூன்று பிரிவுகளிலும் தங்கப் பதக்கம் பெற்றார். விளையாட்டுகள் பற்றிய மார்க்கச் சட்டத்தை விளக்குவது இன்றைய நோக்கமன்று. கேரம் பலகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முந்தைய தவற்றின் எரிச்சல் விரலில் தங்கியிருந்தால் அடுத்த காயும் குழிக்குப் போகாது. தேர்வு எழுதும் பிள்ளைக்கும் இதே நிலைதான். முதல் வினாவுக்கு விடை தெரியாத ஏமாற்றம் ஐந்தாம் வினா வரை தொடர்ந்தால், தெரிந்த விடையும் மறந்து போகும்.

இரண்டாவது: காரியம் எளிதாதல்

தன்னம்பிக்கையை எப்படி ஊட்டுவது? பிள்ளையைப் பார்த்து, நீ சிங்கம், நீ புலி என்று புகழ்ந்துகொண்டே இருந்தால் வந்துவிடும் எனச் சிலர் எண்ணுகின்றனர். ராய் பாமீஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2003இல் பல ஆய்வுகளை அலசி வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. தன்னைப் பற்றிய உயர்ந்த எண்ணம் மதிப்பெண்ணைக் கூட்டியதாகத் தெரியவில்லை. நன்றாகப் படித்ததன் விளைவாகவே ஓரளவு அந்த எண்ணம் பிறந்திருந்தது. ஆக, வெறும் புகழ்ச்சியால் நம்பிக்கை வேர்விடாது. செய்து முடித்த காரியமே நம்பிக்கைக்கு வேர்.

அப்படியென்றால் செய்து முடிக்கக் கூடிய அளவில் காரியத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். திருக்குர்ஆன் ஒரே நேரத்தில் ஏன் இறக்கப்படவில்லை என்று நிராகரிப்போர் கேட்டபோது, நபியின் உள்ளத்தை உறுதிப்படுத்தவே சிறிது சிறிதாக அருளப்பட்டது என்று ஃபுர்கான் அத்தியாயத்தின் 32ஆம் வசனம் விடை கூறுகின்றது. பகுதி பகுதியாக வருவதில் உள்ளத்திற்கு உறுதி இருக்கின்றது! அளவில் சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸும் உண்டு. (நூல்: புகாரி, முஸ்லிம்.) கணக்கில் பின்தங்கிய பிள்ளையிடம் தொண்ணூறு எடு என்று கட்டளையிடுவதைவிட, ஃபஜ்ருக்குப் பின் தினமும் இரண்டு கணக்கு என்று அமர வையுங்கள். பத்து நாளில் இருபது கணக்கு போட்டு முடித்தவன், தன்னால் முடியும் என்பதைத் தானே கண்டுகொள்வான். பிறர் சொல்லி வந்த நம்பிக்கையை ஒரு கேலிச் சொல் கலைத்துவிடும். தானே கண்டு பெற்ற நம்பிக்கை அவ்வளவு எளிதில் கலையாது.

நம் மார்க்கத்தில் தன்னம்பிக்கைக்கும் தவக்குலுக்கும் பகையில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பாரம் சாட்டுமாறு நபிகளார் சொன்னதாகத் திர்மிதியில் வரும் ஹதீஸ் நாம் அறிந்ததே. கட்டுவது நம் கடமை. காப்பது அவன் பொறுப்பு. முயற்சியை முழுமையாகச் செய்துவிட்டு முடிவை அவனிடம் ஒப்படைத்த உள்ளத்தைப் பதற்றம் எளிதில் ஆட்கொள்ளாது.

மூன்றாவது: நாவின் முடிச்சு

வகுப்பில் விடை தெரிந்தும் கை உயர்த்தாத பிள்ளைகள் எத்தனை பேர்! சந்தேகம் இருந்தும் ஆசிரியரிடம் கேட்கத் தயங்கி, அந்தச் சந்தேகத்தோடே தேர்வுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! இந்தத் தயக்கம் நபித்தோழர்களின் இளவயதிலும் இருந்தது. முஸ்லிமுக்கு உவமையாகும் மரம் எது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு சபையில் வினவினார்கள். பேரீச்ச மரம் என்ற விடை சிறுவர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களுக்குத் தோன்றியது. ஆனால் அபூபக்ரும் உமரும் மௌனமாக இருக்கும் சபையில் பேச வெட்கப்பட்டு வாய் மூடியிருந்தார். வெளியே வந்து தந்தையிடம் சொன்னபோது உமர் (ரலி) அவர்கள் அவரை ஏசவில்லை. நீ சொல்லியிருந்தால் இன்ன இன்ன செல்வங்களைவிட எனக்கு அது பிரியமாக இருந்திருக்குமே என்ற கருத்தில் பேசினார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்.) தந்தையின் அந்த ஒரு சொல், அடுத்த சபையில் பேசும் தெம்பை மகனுக்குத் தந்திருக்கும் அல்லவா?

அதே உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் ஒரு வசனத்தின் விளக்கத்தைத் தோழர்களிடம் கேட்டார்கள். எல்லோரும் அல்லாஹ்வே அறிவான் என்று ஒதுங்கியபோது, இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) தம் மனத்தில் ஒரு கருத்து உண்டு என்றார். தம்பி மகனை அழைப்பது போல் அன்புடன் அழைத்து, உன்னை நீயே சிறுமைப்படுத்திக் கொள்ளாமல் சொல் என்று உற்சாகப்படுத்தினார்கள் கலீஃபா. (நூல்: புகாரி.) முதியோர் சபையில் நாவின் முடிச்சு அவிழ்க்கப்பட்ட அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் திருக்குர்ஆன் விரிவுரையாளர்களின் தலைவராகத் திகழ்ந்தார்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? வாய் திறந்தால் எதிர்த்துப் பேசுகிறான் என்கிறோம். மூடினால் மக்கு என்கிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசும் பேச்சு பிள்ளையைப் படிக்க வைக்காது. அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை வெறுக்கத்தான் வைக்கும். தமிழக அரசே 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. அரசு விட்டுவிட்ட அந்தத் தரவரிசைப் பட்டியலை நாம் கல்யாண வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் தொடர்ந்து வெளியிட்டுக் கொண்டிருக்கிறோம்.

நான்காவது: ஹாரூன் என்னும் துணை

மூஸா (அலை) அவர்கள் தனியாகச் செல்லத் துணியவில்லை. துணை கேட்பது கோழைத்தனமாக இருந்திருந்தால் அல்லாஹ் அக்கோரிக்கையை ஏற்றிருக்க மாட்டான். ஏற்றுக்கொண்டது மட்டுமன்றி, சகோதரரைக் கொண்டு அவர்களின் தோளை வலுப்படுத்துவதாக வாக்களித்தான். அஞ்ச வேண்டாம், இருவருடனும் தான் இருப்பதாக உறுதி கூறினான். பிள்ளைகளுக்கு ஹாரூனாக அமைய வேண்டியவர்கள் பெற்றோரும் அண்ணன் அக்காமாரும் உஸ்தாதுமார்களுமே.

துணையாக இருப்பது எப்படி என்பதை நபிகளாரின் வாழ்வில் காண்கிறோம். அனஸ் (ரலி) அவர்கள் பத்து வயதளவில் நபிகளாரிடம் வந்து பத்தாண்டுகள் பணிபுரிந்தார்கள். அதாவது அவர்களின் வாலிபப் பருவம் முழுவதும்! அக்காலத்தில் ஒருமுறையேனும் தம்மைச் 'சீ' என்று நபிகளார் சொன்னதில்லை என்றும், செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் செய்யவில்லை என்றோ கடிந்ததில்லை என்றும் அவர்களே சாட்சி கூறுகின்றார்கள். (நூல்: புகாரி, முஸ்லிம்.) அனஸின் தம்பி அபூ உமைர் வளர்த்த சிறு பறவை இறந்தபோது, அச்சிறுவனிடம் அதைப் பற்றி விசாரித்து ஆறுதல் அளித்தார்கள். மதீனாவின் ஆட்சிப் பொறுப்பைச் சுமந்த மாநபிக்கு ஒரு சிறுவனின் குருவி சிறிய விஷயமாகத் தோன்றவில்லை. ஷிப்டு முடிந்து களைத்து வரும் அத்தாவுக்கு மகனின் கவலை சிறியதாகத் தோன்றலாம். மகனுக்கு அதுவே உலகம்.

தோல்வியில் யார் முன்னே நிற்பது என்பதற்கு நம் இராமேஸ்வரத்து மைந்தர் டாக்டர் அப்துல் கலாம் அவர்களின் வாழ்வில் ஒரு பாடம் உண்டு. விமானப் படைத் தேர்வில் எட்டுப் பேர் எடுக்கப்பட்டபோது ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்தவர் அவர். பின்னர் எஸ்.எல்.வி.3 ராக்கெட் திட்டத்தின் இயக்குநரானார். நம் வடசென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டு ஏரிப் பக்கம் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஆகஸ்ட் 10 அன்று ஏவப்பட்ட அந்த ராக்கெட் தோல்வியுற்றது. அன்று பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்குத் தலைவர் சதீஷ் தவான் தாமே முன்வந்து பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, கலாம் அவர்களை முன்னிறுத்திப் பேசச் சொன்னார். இதைக் கலாம் அவர்களே பல மேடைகளில் நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். நாமோ பிள்ளை வென்றால் என் பிள்ளை என்கிறோம். தோற்றால் தாயைப் பார்த்து உன் பிள்ளை என்கிறோம்!

முடிவு வரும் நாள்

சகோதரர்களே! தேர்வு முடிவு வரும் நாளில் நம் வாயிலிருந்து வரும் முதல் சொல் மிக முக்கியமானது. பலமான முஃமின் பலவீனமான முஃமினைவிடச் சிறந்தவர் என்று கூறிய பெருமானார் (ஸல்) அவர்கள், பயன் தருவதில் ஆர்வம் கொள்ளவும், அல்லாஹ்விடம் உதவி தேடவும், தளர்ந்து போகாதிருக்கவும் சொன்னார்கள். துன்பம் நேர்ந்தபின், இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே என்று பேசுவது ஷைத்தானின் வேலைக்கு வாசல் திறக்கும் என்றும் எச்சரித்தார்கள். (அறிவிப்பவர்: அபூஹுரைரா (ரலி), நூல்: முஸ்லிம்.) டியூஷன் வைத்தேனே, செல்போனைப் பிடுங்கியிருக்க வேண்டுமே என்ற புலம்பலை அன்று அடக்குங்கள். தவறியவர்கள் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுத வழி இருக்கின்றது. அதற்கு விண்ணப்பிக்கும் நாளை விசாரியுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களை நீங்களே கொன்றுவிடாதீர்கள், அல்லாஹ் உங்கள் மீது இரக்கமுடையவன் என்ற கருத்தை நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் கூறுகின்றது. தடையைச் சொன்ன அதே இடத்தில் இரக்கத்தையும் சொல்கின்றான் ரஹ்மான். மதிப்பெண் பட்டியல் உங்கள் விலையன்று. மனம் மிகவும் இருண்டு போனால் யாரிடமாவது பேசுங்கள். அத்தாவிடம் பேச முடியாவிட்டால் அம்மாவிடம், அவர்களிடமும் முடியாவிட்டால் இமாமிடம், ஆசிரியரிடம் பேசுங்கள். 104, 14416 ஆகிய கட்டணமில்லா எண்களிலும் ஆலோசனை பெறலாம். மனநல மருத்துவரிடம் செல்வது ஈமானின் குறைவு என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். காய்ச்சலுக்கு மருந்து தேடுவது போன்றதே அதுவும்.

நம் ஜமாஅத் செய்ய வேண்டியவை

பேச்சோடு கலைந்துவிடாமல் சில காரியங்களை நாம் மேற்கொள்ள வேண்டும். ஓர் அறை வீட்டில் தம்பி தங்கையின் சத்தத்திற்கு நடுவே படிக்கும் பிள்ளைகள் நம் பகுதியில் ஏராளம். தேர்வு முடியும் வரை மஃக்ரிபிலிருந்து இரவு பத்து மணி வரை பள்ளிவாசல்களின் மேல்தளத்தையும் மத்ரஸா அறைகளையும் படிப்பதற்குத் திறந்து விடுங்கள். ஜமாஅத்துக்காக மட்டும் எழுந்து வந்து மீண்டும் அமரட்டும். பெண் பிள்ளைகளுக்கும் அவ்வாறே தனியிடம் அமையுங்கள். நம் பகுதியிலேயே டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியும், சற்றுத் தொலைவில் பாரதி மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே படித்த, படிக்கின்ற வாலிபர்களும் சகோதரிகளும் வாரத்தில் இரண்டு மாலை வந்து இளையவர்களின் சந்தேகங்களைத் தீர்த்து வைக்கட்டும்.

அமெரிக்காவில் 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், பள்ளிகளில் உணர்வுகளைக் கையாளப் பயிற்சி பெற்ற மாணவர்கள், பயிற்சி பெறாதோரைவிடப் படிப்பிலும் 11 சதமான நிலை அளவுக்கு உயர்ந்திருந்தனர் என்று கண்டனர். இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு செய்யப்பட்ட கணக்கு அது. நம் மக்தப் மத்ரஸாக்களிலும் கோபம் வந்தால் என்ன செய்வது, பயம் வந்தால் யாரிடம் சொல்வது என்பதை அதபு பாடமாகச் சேர்த்துக் கற்பிக்கலாம். இதற்குப் புதிய புத்தகம் தேவையில்லை, நபிமொழிகளே போதுமானவை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டிற்குச் சென்றதும், எவ்வளவு படித்தாய் என்ற கேள்விக்கு முன், மனம் எப்படி இருக்கிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். பதில் வர நேரமாகலாம். அதுவரை பக்கத்தில் அமர்ந்திருங்கள். மூஸா (அலை) அவர்கள் கேட்ட அந்தத் துஆவைப் பிள்ளைகளுக்கு மனனமாக்கிக் கொடுங்கள். அதன் வரிசையையும் பொருளையும் சேர்த்தே சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களை விரிவாக்குவாயாக! அவர்களின் காரியங்களை எளிதாக்குவாயாக! அவர்களின் நாவுகளுக்குத் தெளிவைத் தருவாயாக! எங்களை அவர்களுக்கு நல்ல துணையாக ஆக்குவாயாக! வென்றவர்களைப் பெருமையிலிருந்தும், பின்தங்கியவர்களை நிராசையிலிருந்தும் காப்பாயாக! பயனுள்ள கல்வியையும் நற்குணத்தையும் எங்கள் சந்ததியினருக்கு நஸீபாக்குவாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.